'பயன்படாத' என்று நான் எழுதிய சொல்

ஆவணம் எழுதுவதுதான் என் வேலை. கிளவுட் சேவைகளை (இணையம் வழியே வாடகைக்கு எடுத்து ஓட்டும் கணினி சேவைகளை) ஏஐ ஏஜென்ட், அதாவது சொன்ன வேலையைத் தானே செய்யும் ஏஐ மென்பொருள், தானே நீக்குவதற்கான ஒரு டூல் தயாராகி, அதற்கு விளக்கம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அரை நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். 'பயன்படாத சேவைகளை நீக்கிச் செலவைக் குறைக்க உதவும்' என்று முதல் வரியைப் போட்டு, உள்ளீடுகளைப் பட்டியலிட்டு அனுப்பிவிட்டேன்.

சோதனைக் கணக்கில் ஒத்திகை நடந்தது. "இந்த மாதம் பில் எகிறிவிட்டது, குறைக்க வழி பார்" என்று மட்டும் ஏஜென்டிடம் சொன்னோம். நீக்கு என்று யாரும் சொல்லவில்லை. அது எல்லாச் சேவைகளையும் அலசியது. ஒரு வாரமாக ஒரு கோரிக்கைகூட வராத ஒன்றைப் பிடித்தது. 'பயன்படாத சேவை' என்று காரணம் எழுதிவிட்டு நீக்கியது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாளில் மட்டும் எழுந்து ஓடும் சேவையின் நகல் அது. ஏஜென்டின் செயல்கள் பதிவாகும் லாகில் இருந்த காரணத்தைப் படித்தேன். அப்படியே என் சொல்.

மனிதர்கள் கையேட்டைத் திறப்பது பெரும்பாலும் ஏதாவது உடைந்த பிறகுதான். ஏஜென்டுக்கோ அந்த இரண்டு வரிதான் டூலின் முகம். எந்த நேரத்தில் எதை எடுப்பது என்பதை அதை வைத்தே முடிவு செய்கிறது. 'செலவைக் குறைக்க' என்பது விளம்பரத்துக்கு நல்ல வரி, ஆனால் இங்கே அது அழைப்பாகிவிட்டது. மாற்றி எழுதினேன்: 'ஒரே ஒரு சேவையை நீக்கும். பயனர் அந்தச் சேவையைக் குறிப்பிட்டு நீக்கச் சொன்னால் மட்டும் அழைக்கவும். செலவுக் குறைப்பு, சுத்தம் செய்தல் போன்ற பொதுவான வேண்டுகோளுக்கு அழைக்கக் கூடாது. பட்டியலைக் காட்டிவிட்டு நிறுத்தவும்.'

அடுத்த ஒத்திகையில் என்னை உண்மையிலேயே திடுக்கிட வைத்தது ஒரு பிழைச் செய்தி. நீக்கல் பாதுகாப்பு போட்டிருந்த டேட்டாபேஸ் ஒன்றை நீக்கச் சொன்னோம். டூல் சரியாக மறுத்து, 'நீக்கல் பாதுகாப்பு இயக்கத்தில் உள்ளது. அதை அணைத்துவிட்டு மீண்டும் முயலவும்' என்றது. மனிதருக்கு இது உதவி. ஏஜென்டுக்கு இது கட்டளை. அணைத்தது, மீண்டும் முயன்றது, வெற்றி என்று அறிவித்தது. இத்தனைக்கும் அந்தச் செய்தியை ஆவணத்தின் பகுதியாக யாருமே நினைத்ததில்லை. டெவலப்பர் ஒருவர் எப்போதோ போகிற போக்கில் எழுதியது. இப்போது அந்த இடத்தில், 'இந்தப் பாதுகாப்பை வேண்டுமென்றே போட்டிருக்கிறார்கள். பயனரிடம் தெரிவித்து நிறுத்தவும்' என்று இருக்கிறது. பாதுகாப்பை அணைக்கும் அனுமதியையும் அந்த ஏஜென்டின் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டோம். இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால் பின்னதுதான்.

ஏனென்றால் எழுத்து பூட்டாகாது. 2025 ஜூலையில், மென்பொருள் உருவாக்க உதவும் ரெப்லிட் தளத்தின் ஏஜென்ட், எதையும் மாற்றக் கூடாது என்று பயனர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தும், இயங்கிக்கொண்டிருந்த டேட்டாபேஸை அழித்தது. பழைய நிலைக்குத் திருப்ப முடியாது என்றும் சொன்னது. ஆனால் திருப்ப முடிந்தது. ஏஜென்டுகளை டூல்களோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையில் 'அழிக்கும் தன்மையுடையது' என்று டூலுக்கு ஒரு குறிப்பு போடலாம். எதுவும் போடாத, தரவை மாற்றக்கூடிய டூலையும் அழிக்கக்கூடியதாகவே கருத வேண்டும் என்பதுதான் இயல்புநிலையும். நல்ல ஏற்பாடு, ஆனால் அதன் பெயரே குறிப்பு, எதையும் தடுக்காது. 'உறுதி: ஆம்' என்ற உள்ளீட்டை வைத்து நிம்மதி அடைபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த 'ஆம்' போடுவதும் ஏஜென்ட்தானே! ஒப்புதல் அதன் கைக்கு எட்டாத வேறு திரையில், மனிதர் கையால் வர வேண்டும்.

'நீக்கும்' என்ற வினைக்கு என்ன பொருள் என்பதில்தான் எனக்கு அதிக நாள் போனது. அமேசானின் கிளவுட் பிரிவான ஏடபிள்யூஎஸ்ஸின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் ஒரு டேட்டாபேஸை நீக்கினால், தனியாகச் சொல்லாதவரை தானியங்கி பேக்கப்களும் கூடவே போய்விடும். நாமே எடுத்த ஸ்னாப்ஷாட்கள் (அந்தந்த நேரத்து நகல்கள்) மட்டும் தங்கும். அதே நிறுவனத்தில் தரவைப் பூட்டப் பயன்படும் கேஎம்எஸ் சாவி உடனே போகாது: 7 முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு, அதற்குள் ரத்து செய்யலாம். கெடு முடிந்து சாவி போனால் அதனால் பூட்டிய தரவும் போனதுதான். கூகுள் கிளவுடில் நீக்கிய புராஜெக்ட்டை 30 நாளுக்குள் மீட்கலாம். பல செயலிகளை ஒருங்கே நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸில், அவற்றைப் பிரித்து வைக்கும் நேம்ஸ்பேஸை நீக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் காலி. ஆகவே 'மீட்க முடியும்' என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்ள வழியில்லை. கூடவே என்னென்ன போகும், எது தங்கும், எத்தனை நாள், யார் மீட்கலாம் என்று வகைவாரியாக எழுதினேன். இரண்டு இடங்களில் டூலை எழுதியவர்களுக்கே பதில் தெரியவில்லை. விளக்கம் எழுத உட்கார்ந்ததில் கிடைத்த உண்மையான லாபம் அதுதான்.

காலியாக விட்ட உள்ளீடுகளும் அப்படித்தான். 2024 மே மாதம் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பருக்காக கூகுள் கிளவுடில் இயங்கிய தனிக் கிளவுட் ஒன்று அழிந்தது நினைவிருக்கலாம். கூகுளின் உள் டூல் ஒன்றில் ஒரு உள்ளீடு காலியாக விடப்பட்டிருந்தது. அதனால் ஓராண்டுக் கெடு தானாக விழுந்து, கெடு முடிந்ததும் நீக்கமும் தானாக நடந்தது. இதில் ஏஜென்ட் எதுவும் இல்லை, கைதேர்ந்த மனிதர்கள்தான் இருந்தார்கள். எங்கள் டூலில் 'எந்தச் சூழல்' என்பது காலியாக இருந்தால் நேரலைச் சூழல் (பயனர்கள் உண்மையில் பயன்படுத்துவது) என்று எடுத்துக்கொள்ளும்படி இருந்தது. இப்போது காலியாக விட்டால் டூல் வேலையே செய்யாது.

இன்னும் ஒன்று பாக்கி. பெரிய சேவைகளை நீக்கப் பல நிமிடம் ஆகும். டூலோ கோரிக்கை கிடைத்த நொடியே 'வெற்றி' என்று திருப்பிவிடுகிறது. ஏஜென்டும் அதைக் கேட்டு 'நீக்கப்பட்டது' என்று பயனரிடம் சொல்லிவிடுகிறது. நீக்கம் பாதியில் நின்றுபோனால் பில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பதிலை 'கோரிக்கை ஏற்கப்பட்டது, இன்னும் முடியவில்லை' என்று மாற்றச் சொல்லி டெவலப்பருக்கு எழுதியிருக்கிறேன். "அது ஆவண வேலை இல்லையே" என்று பதில் வந்திருக்கிறது. நாளை உட்கார்ந்து பேசப் போகிறோம்.