அந்த ஐந்து கேள்விகளுக்கு நோயாளியே பதில் சொல்லட்டும்

டயாலிசிஸ் பிரிவிலோ புற்றுநோய் வார்டிலோ ஆய்வுப் படிவத்தோடு வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நானும் அப்படிப் போகிறவன்தான். என் கையில் இருப்பது, நோயாளியின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் ஈக்யூ-5டி-5எல் என்ற படிவம். நடமாட முடிகிறதா, குளிக்க உடுத்தச் சிரமம் உண்டா, வழக்கமான வேலைகள் நடக்கின்றனவா, வலி எப்படி, பதற்றமோ மனச்சோர்வோ இருக்கிறதா என்று இன்றைய நிலையை மட்டும் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகளில் பதில்.

கேள்வியை அப்பாவிடம் கேட்டால் பதில் மகனிடமிருந்து வருகிறது. "நல்லாத்தான் நடக்குறார் சார், ஒண்ணும் பிரச்சினையில்லை." நடப்பதை மகன் பார்க்கிறார், சரி. இரவு வலியில் அவர் புரண்டுகொண்டிருந்தது யாருக்குத் தெரியும்? நடமாட்டம் போல கண்ணுக்குத் தெரிகிற விஷயங்களில் நோயாளி சொல்வதும் வீட்டார் சொல்வதும் ஓரளவு ஒத்துப்போகும். வலியிலும் மனநிலையிலும் விலகிவிடும். நோயாளியே பேசினாலும், "பரவாயில்லைங்க, சமாளிச்சுக்கிறேன்" என்பார். அந்த மன உறுதியை மதிக்கிறேன். ஆனால் படிவத்தில் அது 'வலி இல்லை' என்று பதிவாகிவிடக் கூடாது.

ஏனென்றால் இந்தப் பதில்கள் ஓர் எண்ணாக மாறுகின்றன. முழு ஆரோக்கியம் 1, மரணம் 0. மரணத்தைவிட மோசம் என்று மக்கள் கருதும் நிலைகள் 0-க்கும் கீழே போகும். ஐந்து கேள்வி, ஐந்து படி என்றால் மொத்தம் 3,125 நிலைகள். எந்த நிலைக்கு எவ்வளவு மதிப்பு என்பதை இந்தியர்களிடமே கேட்டு எடுத்த கணக்கு 2022இல் வெளியானது. 5 மாநிலங்களில் 3,548 பேரிடம் பேசினார்கள். கேட்கும் முறை கொஞ்சம் கனமானது. இந்த நோய்நிலையில் 10 ஆண்டு வாழ்வதும், முழு ஆரோக்கியத்தோடு எத்தனை ஆண்டு வாழ்வதும் உங்களுக்குச் சமம்? 6 ஆண்டு என்றால் அந்த நிலையின் மதிப்பு 0.6.

அந்த மதிப்பை ஆண்டுகளால் பெருக்குவோம். ஒரு சிகிச்சை 0.5-ஐ 0.7 ஆக்கி 10 ஆண்டு அப்படியே வைத்திருந்தால், கிடைத்த ஆதாயம் 2 முழு ஆரோக்கிய ஆண்டுகள். ஆகும் கூடுதல் செலவை இதனால் வகுத்துத்தான், அரசுப் பணத்தில் கொடுக்கத் தகுமா என்று பார்க்கிறார்கள். மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறை இதற்கென்றே 2017இல் ஓர் அமைப்பைத் தொடங்கியது. இப்போது யோசித்துப் பாருங்கள். சிகிச்சைக்கு முன்பே நோயாளிகள் வலியை மறைத்து 0.7 என்று வரும்படி பதில் சொல்லியிருந்தால்? மருந்து வேலை செய்திருந்தாலும் காகிதத்தில் ஆதாயம் இருக்காது. கூட்டிச் சொன்னாலும் கணக்கு கெடும். அப்படிக் கூட்டிச் சொல்வதால் யாருக்கும் தனியாக உதவித்தொகை கிடைத்துவிடாது, உங்கள் சிகிச்சையும் மாறாது.

ஆகவே வீட்டார் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். பேச முடியாத நோயாளிக்காகப் பதில் சொல்லத் தனிப் படிவம் இருக்கிறது, கேட்டு வாங்கலாம். ஆய்வுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை: கேள்வியை அச்சில் உள்ளபடி வாசியுங்கள், "வலி இல்லைதானே?" என்று பதிலை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

டயாலிசிஸ் நோயாளிகளை வதைக்கும் அரிப்பும் தூக்கமின்மையும் இந்த ஐந்தில் நேரடியாக இல்லை. அவற்றை மருத்துவரிடம் தனியே சொல்லுங்கள். வாரம் மூன்று நாள் கூடவே வந்து, நான்கு மணி நேரம் வெளியே காத்திருந்து, அன்றைய கூலியை இழக்கிற மனைவியின் நிலையும் இந்தப் படிவத்தில் இல்லை. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எங்கள் ஆய்வுக் கூட்டங்களில் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.