பொம்மை இல்லை சார், முதலை

வேலூர்க் கோட்டை அகழியில் ஒரு காலத்தில் முதலைகள் கிடந்தன என்று எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். இன்றைக்கு முதலை பார்க்க வேண்டுமென்றால் சாத்தனூர் அணைக்குத்தான் வண்டி எடுக்க வேண்டும். பழைய வட ஆர்க்காட்டில் இருந்த ஊர், இப்போது திருவண்ணாமலை மாவட்டம். காணும் பொங்கலன்று குடும்பத்தோடு போனேன். அந்த நாளில் போனது என் தப்பு.

முதலைப் பண்ணைச் சுவரோரம் நிற்க இடமில்லை. உள்ளே கரையேறிக் கிடந்த ஒரு பெரிய முதலை வாயை அகலத் திறந்து வைத்திருந்தது. அசைவே இல்லை. பக்கத்தில் நின்றவர், "இன்னா சார், பொம்மையா இது?" என்றார். உயிருள்ளதுதான் என்றேன். நம்பவில்லை. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வீசினார். முதுகில் பட்டதும் அது சரேலென்று குட்டைக்குள் இறங்கியது. கூட்டம் கைதட்டியது. அவருடைய பையன் அதற்குள் அடுத்த முதலைக்குக் கல் பொறுக்க ஆரம்பித்துவிட்டான்.

நான் கால்நடை மருத்துவன். பெரும்பாலும் மாடு, ஆடு. வனத்துறை கூப்பிட்டால் மலைப்பாம்பு, உடும்பு, எப்போதாவது முதலை. இந்தப் 'பொம்மையா' கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இந்த முறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். காலையில் கரையேறி முதுகை வெயிலுக்குக் காட்டிக் கிடக்கும். நாம் சோம்பல் என்கிற அந்த நேரத்தில்தான் அது அன்றைய பிழைப்புக்கான சூட்டைச் சேர்க்கிறது. தின்றது செரிக்கவும் அந்தச் சூடு வேண்டும். சூடு போதுமென்றானதும் வாயைத் திறக்கும். முதலைக்கு வியர்க்காது, வாயின் ஈரத் தோலிலிருந்து நீர் ஆவியாகித் தலை குளிரும். நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்குவதைப் பார்த்து யாராவது பசி என்று சொல்வோமா? முதலை வாயைத் திறந்தால் மட்டும் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிறோம். இரவிலும் மழையிலும்கூட அது வாய் திறந்து கிடப்பதுண்டு, அதனால் வெயில் ஒன்றுதான் காரணம் என்று ஆய்வாளர்களும் சொல்வதில்லை. ஆனால் பசி என்று ஒருவரும் சொல்லவில்லை. வளர்ந்த முதலைக்கு வாரம் ஒரு வேளை தாராளம்.

காசு போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தண்ணீரைக் கண்டால் வேண்டிக்கொண்டு காசு போடும் பழக்கம் நமக்கு மட்டும் இல்லை. 2024-இல் அமெரிக்காவின் ஓமஹா விலங்குக் காட்சிசாலையில் அலிகேட்டர் என்கிற முதலை வகையில் ஒரு வெள்ளை விலங்கின் வயிற்றிலிருந்து 70 காசுகளை எடுத்தார்கள். முதலை இனங்கள் இயல்பாகவே கல்லை விழுங்கும். அதன் நடுவே காசு எது, கல் எது என்று எக்ஸ்ரேயில் தேடும் வேலையை எங்களுக்கு வைக்காதீர்கள்.

சரி, பண்ணையில் சுவர் இருக்கிறது. சாத்தனூர் நீர்த்தேக்கத்திலும் முதலை உண்டு, அங்கே சுவர் கிடையாது. பண்ணையில் 'அசையவில்லை, பொம்மை' என்ற அதே மனுஷன் நீர்த்தேக்கக் கரையில் 'ஒன்றும் தெரியவில்லை, முதலை இல்லை' என்று இறங்குவார். இரண்டும் ஒரே தப்புதான். கண், காது, மூக்குத்துளை மூன்றும் தலையின் மேல்பக்கமே இருப்பதால், மிச்ச உடம்பு முழுவதும் தண்ணீருக்குள் இருக்க, அது நம்மைப் பார்த்துக்கொண்டே கிடக்கும்.

இருட்டும் நேரத்தில் கரையோரம் துணி துவைக்காதீர்கள். பிடித்த ஜிலேபி மீனை அங்கேயே அறுத்துக் குடலைத் தண்ணீரில் வீசாதீர்கள். கரையேறிய முதலைக்கும் தண்ணீருக்கும் நடுவில் போய் நிற்காதீர்கள், அதற்கு ஓடிப்போக இருப்பது அந்த ஒரே வழிதான். மாசி, பங்குனியில் மணலில் குழி தோண்டி முட்டையிடும். பொரியும் வரை, ஏறக்குறைய இரண்டு மாதம், தாய் பக்கத்திலேயே இருக்கும். குஞ்சுகளைத் தண்ணீருக்குக் கொண்டுபோக ஆண் முதலையும் உதவுவதைச் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலி முதலைப் பண்ணையில் பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, கோடையில் அந்தக் கரையில் கோபக்காரர் ஒருவர்தான் இருப்பார் என்று கணக்குப் போட வேண்டாம்.

அப்புறம், ஏரிக்கோ கிணற்றுக்கோ முதலை வந்துவிட்டால் ஊரே கயிறோடு கிளம்ப வேண்டாம், தயவு செய்து. நாங்கள் பிடிக்கும்போது முதலில் ஈரச் சாக்கால் கண்ணை மூடுவோம், அப்போதே பாதி அடங்கிவிடும். கடிக்கிற தசைக்குத்தான் அசுர பலம், திறக்கிற தசை பலவீனம். வாயைக் கட்ட டேப் போதும். நீங்களோ காலை முதல் மதியம் வரை இழுத்துப் போராட விடுகிறீர்கள். அவ்வளவு நேரம் திமிறினால் முதலையின் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். வெளியே ஒரு கீறல் இல்லாமல், வண்டியில் ஏற்றிய பிறகு செத்துப்போகும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு இது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை. காட்சிசாலையில் சீண்டினாலும் 6 மாதம் வரை உள்ளே போகலாம். பாட்டில்காரரிடம் இதைச் சொன்னேன். "விடு சார், பசங்க பாக்கத்தானே வந்துக்கினு இருக்காங்க" என்றார்.

நாங்கள் கிளம்பும்போது அந்தக் குட்டையருகே புதுக் கூட்டம். முதலை இன்னும் கரையேறவில்லை. "இதுல ஒண்ணுமே இல்லப்பா" என்று ஒருவர் குழந்தையைச் சுவர்மேல் உட்கார வைத்தார். அவர் நின்ற இடத்துக்கு நேர் கீழே, பாசிக்கு நடுவில், இரண்டு கண்ணும் மூக்கு நுனியும் மட்டும் தெரிந்தன. குழந்தையை இறக்கச் சொன்னேன். முறைத்துக்கொண்டே இறக்கினார்.