அக்கா, வங்கி முதன்மை எண் வாங்குவதில்லை

போன் ‘அப்’ ஒன்றுக்குக் காசு கட்டி ஏமாந்து ஓர் அக்கா என் கடைக்கு வந்தார், இந்த மாதத்தில் இது மூன்றாவது. ஹட்டனில் போன் திருத்துகிறவன் நான். திரை உடைந்து வருகிறவர்களை விட காசு போய் வருகிறவர்கள்தான் இப்போது கூட.

பத்தாம் தேதி சம்பளம் எடுத்த கையோடு 7,500 ரூபாய் கட்டியிருக்கிறார் அந்த அக்கா. போனில் ஒரு ‘அப்’ ஓடுமாம், பெரிய முதன்மை எண்ணை (ஒன்றாலும் தன்னாலும் மட்டும் மீதியின்றி வகுபடும், 7, 13 போன்ற எண்) தேடுமாம், அகப்பட்டால் வங்கி இலட்சக்கணக்கில் வாங்குமாம். திறந்து பார்த்தேன். சுற்றுகிற சக்கரம், ஓடுகிற இலக்கங்கள், அவ்வளவுதான். ஆனால் எஸ்.எம்.எஸ். வாசிக்க அனுமதி வாங்கி வைத்திருக்கிறது, வங்கியின் ஓ.டி.பி. (ஒருமுறைக் கடவுச்சொல்) வருவது அதில்தானே.

கூட வந்த மகன் சாதாரண தரம் படிக்கிறான். தகவலை மறைத்து அனுப்பும் கணினிப் பூட்டுக்கு முதன்மை எண்கள் உதவும் என்று கேள்விப்பட்டிருக்கிறான். “எண் பெரிசென்றால் பூட்டும் பெரிசுதானே, சேர்?” என்றான். எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. 2024இல் கண்டுபிடித்த முதன்மை எண், அதுவரை தெரிந்தவற்றில் மிகப் பெரியது: 2ஐ 136,279,841 தடவை பெருக்கி ஒன்றைக் கழிக்க வேண்டும். 41,024,320 இலக்கங்கள். உலகமே பார்த்துவிட்ட எண் அது. ஊரெல்லாம் பார்த்த திறப்பை வைத்து யாராவது வீட்டைப் பூட்டுவார்களா?

ஆர்.எஸ்.ஏ. என்ற வகைக் கணினிப் பூட்டுக்கு முந்நூறு இலக்கம் சொச்சமுள்ள இரண்டு முதன்மை எண்கள் போதும். கணினியே அவற்றைச் சில விநாடிகளில் தேர்ந்துகொள்ளும், யாரிடமும் வாங்க வேண்டியதில்லை. அவற்றைப் பெருக்கி வரும் விடையை வெளியில் காட்டலாம். அந்த இரண்டும்தான் இரகசியம். இரண்டு தோட்டத்துத் தேயிலையைக் கலந்துவிட்டுப் பிரிக்கச் சொன்னால் எப்படி? (சல்லடை இருக்கே என்று தேயிலை ஸ்டோர்காரர் யாரும் வரவேண்டாம், ஒரே ரகத் தூள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.)

நம்பாவிட்டால் 147573952589676412927ஐப் பாருங்கள். 2இன் 67ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 1644இல் மெர்சென் என்ற கணித அறிஞர் இதை முதன்மை எண் என்றார். 1876இல் லூக்கா என்ற இன்னொரு கணித அறிஞர் அது முதன்மை அல்ல என்று நிறுவினார், ஆனால் காரணி எதுவும் சொல்லவில்லை! காரணி தெரியாமலே அப்படி நிறுவலாம், எனக்கு இன்றும் வியப்புத்தான். 1903இல்தான் கோல் என்ற கணித அறிஞர் எழுதிக் காட்டினார்: 193707721 × 761838257287. பேப்பரில் பெருக்க அரைமணி நேரம் போதும். பிரிக்க 27 வருடம்.

உண்மையாகத் தேடுகிறவர்களும் உண்டு. ஜிம்ப்ஸ் (GIMPS) என்ற, தன்னார்வலர்களின் கணினிகளில் தேடும் திட்டத்தில் சேர ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. புதிய எண் கிடைத்தால் பரிசு 3,000 டொலர். 2024இல் வென்றவர் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான ஜி.பி.யூ.க்களை (வேகமாகக் கணக்குப் போடும் கணினிச் சில்லுகள்) ஓடவிட்டார். அதற்கு முந்திய கண்டுபிடிப்பு 2018இல். உங்கள் பழைய போன் எந்த மூலைக்கு?

காசு கட்டிவிட்டீர்களா? முதலில் வங்கிக்கு அழையுங்கள். அப்பை அழித்துவிட்டு வங்கிக் கடவுச்சொல்லை வேறொரு போனில் மாற்றுங்கள். ஓ.டி.பி.யை யாருக்கும் வாசித்துக் காட்டாதீர்கள், மகனே கேட்டாலும். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள் அக்கா, உங்கள் லயத்தில் அடுத்த வீட்டுக்காரருக்கும் அதே மெசேஜ் போயிருக்கும்.

தம்பி, நீ ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வா. அந்த லூக்கா எப்படிச் சோதித்தார் என்று கொப்பியில் போட்டுக் காட்டுகிறேன். காசு வேண்டாம்.