நீர் இறுக்கம்: பயறு முளைப்பு ஆய்வில் வரும் ஒரு சொல்

விதை முளைப்பைப் பற்றி எழுதுவோர் ‘வாட்டர் ஸ்ட்ரெஸ்’ என்பதை நீர் அழுத்தம், நீர்த்தகைவு, நீர் இறுக்கம் எனப் பலவாறு தமிழாக்குகின்றனர். இவற்றுள் நீர் அழுத்தம் பொருளையே கெடுத்துவிடும். குழாயில் வரும் தண்ணீரின் விசைக்கு அது முன்பே உரிய சொல். தகைவு என்பது தடுத்தலைக் குறிக்கும் ‘தகை’ என்ற வினையிலிருந்து வந்த நல்ல சொல்தான், ஆனால் இயற்பியலார் அதைத் தமக்கென வரையறுத்துக்கொண்டனர். ஸ்ட்ரெஸ் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். அதன் இலத்தீன் மூலமான ‘ஸ்ட்ரிங்கெரே’ இழுத்து இறுக்குதலைக் குறிக்கும். எனவே இறுக்கமே பொருத்தமானது.

நீர் இறுக்கம் என்றால் தண்ணீர் அறவே இல்லாமை அன்று. இருக்கும் தண்ணீரை விதையால் வேண்டிய அளவு இழுத்துக்கொள்ள முடியாத நிலை. கன்னியாகுமரி மாவட்டத்தில் கும்பப்பூ நெல்லை அறுத்தபின் (கும்பம் என்பது மாசி மாதம்) வயலில் எஞ்சிய ஈரத்தை நம்பிச் சிறுபயறோ உளுந்தோ விதைத்தால், மண்ணைக் கையில் எடுக்கும்போது ஈரம் தெரிந்தும் முளை வராமல் போவதுண்டு. மண் காயக் காய, மிஞ்சிய நீரை அதன் துகள்கள் அவ்வளவு இறுகப் பற்றிக்கொள்கின்றன.

இந்நிலையை ஆய்வகத்தில் உண்டாக்குவதே ‘செயற்கை நீர் இறுக்கம்’. போலி இறுக்கம் என்று எழுதலாகாது, விதை படும் பாடு மெய்யானது. வடிதாள் விரித்த தட்டில் பயறை வைத்து, பாலிஎத்திலீன் கிளைக்கால் 6000 என்ற வேதிப்பொருளைக் கரைத்த நீரை ஊற்றுவார்கள். அதன் மூலக்கூறுகள் பெரியவை. உப்பைப்போல விதையின் செல்களுக்குள் புகுந்து நஞ்சாகாமல், வெளியே நின்றபடி கரைசலின் நீரியல் திறனை மட்டும் தாழ்த்தும். நீர் ஓரிடத்திலிருந்து நகரும் போக்கின் அளவே நீரியல் திறன்; அது மிகுந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்கே நீர் செல்லும். தூய நீருக்கு அத்திறன் 0. கரைசல் செறியச் செறிய −0.2, −0.4, −0.8 மெகாபாஸ்கல் (அழுத்த அலகு) என இறங்கும். பயிர்கள் மீளாமல் வாடும் மண்ணின் அளவாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது −1.5.

உலர்ந்த விதையின் நீரியல் திறன் இவை எல்லாவற்றையும்விட மிகத் தாழ்ந்தது. ஆகையால் முதற்கட்டமான உள்ளீர்த்தல், அதாவது விதை நீரை உறிஞ்சுதல், மெதுவாகவேனும் நடக்கும், செத்த விதைகூட ஊறும். தோல் சுருங்கி மடிப்பு விழுந்து, பிறகு பருப்புப் பருத்து நிற்கும் பயறைக் கண்டு முளைத்துவிட்டதாக எண்ணக் கூடாது. முளைவேர் தோலைக் கிழித்து வெளிவந்தால்தான் ஆய்வில் அது முளைப்பு. இறுக்கம் தடுப்பது பெரும்பாலும் முளைவேரின் அந்த நீட்சியையே. மிதமான இறுக்கத்தில் முளைப்பு விழுக்காடு அதிகம் குறையாமல் நாள் மட்டும் தள்ளிப்போகலாம் என்பதால், விழுக்காட்டோடு முளைக்க எடுத்த நாட்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.