நீலச் சுடர் அடங்கிய பிறகு

ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் காலமும் குளிர்காலமும் சேர்ந்தே வரும். டிசம்பர் இரவுகளில் அத்தை வீட்டு வாசலில் சில்வர் ஓக் சுள்ளி போட்டுக் குளிர் காய்வோம். புகை அடங்கியதும் தணலை இரும்புச் சட்டியில் அள்ளி உள்ளே வைத்து, கதவைச் சாத்திவிடுவார்கள். “அதான் புகையே இல்லையேப்பா, அப்புறம் என்ன?” என்பார் அத்தை.

வாசலில் இருக்கும்போதே அந்தச் சட்டியைக் கிட்டத்தில் பாருங்கள். பழுத்த கங்குகளின் மேல் சின்னச் சின்ன நீலச் சுடர்கள் ஓடும். அடியில் காற்றுப் பட்டு எரியும் கரி கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. அது கங்குகளின் இடுக்கில் ஏறி வரும்போது இன்னும் கொஞ்சம் கரியைச் சேர்த்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. மேலே வந்ததும் மறுபடி காற்றுக் கிடைத்து எரிகிறது. நாம் பார்க்கும் நீலம் அதுதான். நேரம் ஆக ஆகக் கங்கு நீறு பூக்கும், சூடு குறையும், சுடர் அணையும். ஆனால் வாயு வருவது நிற்பதில்லை. இதுவரை எரிந்துபோன வாயு இப்போது எரியாமல் அப்படியே அறைக்குள் பரவுகிறது. நாம் ‘அடங்கிவிட்டது’ என்று நம்பி உள்ளே தூக்கிவரும் நேரமும் இதுதான்.

புகை என்றால் கண் எரியும், இருமல் வரும், எழுந்துவிடுவோம். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், அந்த ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்கிறது. முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், தலைசுற்றல். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்ப வேண்டாம். இந்த வாயு ஏறிய ரத்தத்தையும் நல்ல ரத்தம் என்றே எண்ணி 98 காட்டும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம் வேறு. காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அவ்வளவு குறைவு.

யாராவது மயங்கிக் கிடந்தால் உடனே வெளியே தூக்கி வந்து 108-ஐ அழையுங்கள். வெளிக்காற்றில் மட்டும் விட்டால் ரத்தத்தில் ஏறிய வாயு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரம்தான்.

மின்சார ஹீட்டரில் இந்த வாயு இல்லை, சரி. ஆனால் 2000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகினால் வயர் உருகித் தீப்பிடிக்கலாம். சுவரில் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டி, கம்பளிக்கு மூன்றடி தள்ளி வையுங்கள். தூங்கப் போகுமுன் அணைத்துவிடுங்கள்.

இப்போது அத்தை வீட்டில் தணல் வாசலோடு நின்றுவிடுகிறது. அதன் மேல் ஒரு குண்டானில் தண்ணீர் காயும். அதை ரப்பர் பையில் ஊற்றி, துணி சுற்றி, கால்மாட்டில் கம்பளிக்குள் வைத்துக்கொள்கிறோம். நடுச்சாமம் தாண்டியும் வெதுவெதுப்பு இருக்கிறது.