ஹெச்.ஐ.வி. பயமா? முதலில் மணியைப் பாருங்கள்

ஒரு சனிக்கிழமை மதியம், இருபது வயசுப் பையன் ஒருவனோடு ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனேன். வியாழன் இரவு ஆணுறை இல்லாமல் உறவு நடந்திருக்கிறது. ஓ.பி. சீட்டு எழுதுபவர் "என்ன தொந்தரவு?" என்று சத்தமாகக் கேட்க, பின்னால் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவனுக்கு வாய் வரவில்லை. தோல் பிரிவுக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து ஆய்வகத்துக்கு. ஆய்வகத்தில் "திங்கட்கிழமை வாங்க". திங்கட்கிழமைக்குள் கெடு முடிந்துவிடும் என்று அங்கே ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அந்தக் கெடு 72 மணி நேரம். அதற்குள் தொடங்கினால் தொற்று வராமல் தடுக்க மாத்திரை இருக்கிறது, பெப் என்பார்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். சிக்கல் எங்கே என்றால், அரசு இதை முக்கியமாக ஊசி குத்திக்கொண்ட மருத்துவ ஊழியர்களுக்கும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் என்றே வைத்திருக்கிறது. சம்மதத்தோடு நடந்த உறவு என்றால் "அதுக்கெல்லாம் தர்றதில்லை" என்று சொல்லக்கூடும். வாதாடிக்கொண்டு நிற்காதீர்கள். ஹெச்.ஐ.வி.க்கு மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மைய மருத்துவரை நேராகப் பாருங்கள். விடுமுறை நாள் என்றால் அவசரப் பிரிவு. அங்கேயும் கை விரித்தால் தனியார் மருத்துவரிடம் சீட்டு எழுதி வாங்கி, காசு கொடுத்தாவது முதல் மாத்திரையைப் போட்டுவிடுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

கெடு தாண்டிவிட்டதா? சரி, இனி பரிசோதனைதான். அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்று பலகை இருக்கும். அங்கே பரிசோதனை இலவசம். ஆதார் கட்டாயமில்லை. 18 வயது ஆகாதவர்களுக்கு மட்டும் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும். எந்த மையம் பக்கம் என்று தெரியாவிட்டால் 1097-க்குப் பேசுங்கள், கட்டணம் கிடையாது.

மூன்றாம் நாளே ஓடிப்போய் ரத்தம் கொடுத்து, 'நெகட்டிவ்' என்று வந்ததும் நிம்மதியாகிவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த முடிவு பழைய நிலைமையைத்தான் சொல்லும், அந்த இரவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நம்பிக்கை மையத்தில் செய்யும் விரைவுப் பரிசோதனை என்றால் 3 மாதம் கழித்து எடுப்பதுதான் கடைசி வார்த்தை. தொற்றை இன்னும் சீக்கிரம் கண்டுபிடிக்கும் நாலாம் தலைமுறைப் பரிசோதனையை ஆய்வகத்தில் எடுத்தால் 45 நாளில் தெரிந்துவிடும். 3 மாதமும் தாண்டி நெகட்டிவ் வந்தபிறகு மறுபடி மறுபடி பணம் கட்டாதீர்கள். தொண்டை வலி, காய்ச்சல், தடிப்பு இதையெல்லாம் வைத்துக் கணக்குப் போடவும் வேண்டாம், யாருக்கும் அதிலிருந்து எதுவும் தெரியாது.

இன்னொன்று, தயவுசெய்து கேளுங்கள்: இலவசமாகத் தெரிந்துகொள்ளலாம் என்று ரத்ததானம் செய்யப் போகாதீர்கள். தொற்றின் ஆரம்ப நாட்களில் ரத்த வங்கிப் பரிசோதனையிலும் அது தப்பிவிடலாம். அந்த ரத்தம் வேறொருவர் உடம்பில் ஏறும்.

2017-ஆம் ஆண்டு ஹெச்.ஐ.வி. சட்டப்படி, உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது, வேலைக்கு இந்தப் பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது. ஆனாலும் நடைவழியில் நின்று "ஹெச்.ஐ.வி. டெஸ்ட்டுக்கு வந்தது யாரு?" என்று கூப்பிட்டதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அப்படிக் கூப்பிட்டால் எழுந்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். ஆலோசகரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

தனியார் ஆய்வகத்தில் 'ரியாக்டிவ்', அதாவது தொற்று இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தால், அந்த ஒரு தாளை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள், வீட்டிலும் சொல்ல வேண்டாம். நம்பிக்கை மையத்தில் மூன்று விதப் பரிசோதனை செய்துதான் உறுதிசெய்வார்கள். உறுதியானால் ஏ.ஆர்.டி. மாத்திரை இலவசம். நோய் முற்றட்டும் என்று காத்திருக்கச் சொன்ன காலமும் போய்விட்டது. தொற்று உறுதியான உடனே மாத்திரை தொடங்கலாம், அடுத்த மாதம் வாங்க என்றால் ஏன் என்று கேளுங்கள்.