மதுவுக்கும் போதைக்குமான இலவசச் சிகிச்சை: கவுன்சில் அதை எப்படி வாங்குகிறது, நாம் ஏன் அதில் தென்படுவதில்லை

லண்டனின் வெளிப்புற பரோ (தனிக் கவுன்சில் உள்ள நகரப் பகுதி) ஒன்றில், மது மற்றும் போதைப்பொருள் சிகிச்சைச் சேவைகளைக் கொள்வனவு செய்யும் குழுவில் பணிபுரிகிறேன். அதற்கு முன் அத்தகைய ஒரு சிகிச்சை நிலையத்தில் பணியாளராக இருந்தேன். இரண்டு வேலைகளிலும் தமிழர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி, "இதற்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?" என்பதுதான். ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்லை. இங்கிலாந்தின் ஒவ்வொரு உள்ளூராட்சிப் பகுதியிலும் வயதுவந்தவர்களுக்கான சமூகச் சிகிச்சைச் சேவை இருக்கிறது, அது இலவசம், குடும்ப வைத்தியரின் கடிதம் இல்லாமலே ஒருவர் தாமாகத் தொலைபேசியில் அழைத்துப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அந்தச் சேவை என்ன செய்யும், யாருக்காகச் செய்யும், எந்த மொழியில் செய்யும் என்பதை நிர்ணயிப்பது கவுன்சில் எழுதும் ஓர் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம் எப்படி எழுதப்படுகிறது என்பது நம்மவர்களில் மிகச் சிலருக்கே தெரியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் ஏற்பாடு வேறு. இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும்.

2012ஆம் ஆண்டின் சுகாதார மற்றும் சமூகப் பராமரிப்புச் சட்டத்தின்படி, பொதுச் சுகாதாரப் பொறுப்பு 2013 ஏப்ரல் 1 முதல் தேசிய சுகாதார சேவையிடமிருந்து உள்ளூராட்சி மன்றங்களிடம் வந்தது. அதற்கு முன் 2001 முதல் இந்தத் துறைக்கென்று தனியாக இயங்கிய தேசிய சிகிச்சை முகமையும் அதே நாளில் பொதுச் சுகாதார நிறுவனத்துக்குள் கரைந்தது. மத்திய அரசு ஆண்டுதோறும் தரும் பொதுச் சுகாதார மானியத்திலிருந்து கவுன்சில் இச்சேவைக்குப் பணம் ஒதுக்குகிறது. இதில் பலரும் கவனிக்காத விடயம் ஒன்று உண்டு. பாலியல் சுகாதாரம், நாற்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான உடற்பரிசோதனை போன்றவை கவுன்சில் கட்டாயம் நடத்தியாக வேண்டிய பணிகள் என்று சட்டவிதிகள் சொல்கின்றன. மது, போதைப்பொருள் சிகிச்சை அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. மானிய நிபந்தனைகளில், இச்சேவைகளின் பயன்பாட்டையும் விளைவுகளையும் மேம்படுத்த வேண்டிய தேவையைக் கருத்தில் கொள்ளும்படி ஒரு வரி இருக்கிறது. 2015-16க்குப் பின் பொதுச் சுகாதார மானியத்தின் உண்மைப் பெறுமதி, தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், ஏறத்தாழ கால்பங்கு தேய்ந்தபோது வெட்டு எங்கே விழுந்தது என்பதை ஊகிக்க அதிக அறிவு வேண்டியதில்லை.

அந்த வெட்டின் விளைவைப் பேராசிரியர் டேம் கரோல் பிளாக் அரசுக்காகச் செய்த சுயாதீன மீளாய்வு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதன் முதற்பகுதி 2020இலும் இரண்டாம் பகுதி 2021இலும் வெளிவந்தன. ஒரு பணியாளரிடம் 40 பேர் அல்லது அதற்குக் குறைவாக இருப்பது நல்ல நடைமுறை என்ற நிலையில், பல இடங்களில் 50 முதல் 80 பேரும், சில இடங்களில் 100 பேர் வரையும் ஒருவரிடமே ஒப்படைக்கப்பட்டிருந்ததாக அவர் எழுதினார். நூறு பேரைச் சுமக்கும் பணியாளர் ஒருவருக்கு, மொழிபெயர்ப்பாளர் வேண்டிய ஒரு புதிய ஆளிடம் ஒரு மணிநேரம் செலவிடுவது எவ்வளவு கடினம் என்பதை அந்த நாற்காலியில் இருந்து பார்த்தவன் என்ற வகையில் என்னால் சொல்ல முடியும். 2021 டிசம்பரில் வெளியான பத்தாண்டுத் தேசிய மூலோபாயம், சிகிச்சை அமைப்பை மீளக் கட்டியெழுப்ப மூன்று ஆண்டுகளுக்கு 780 மில்லியன் பவுண்டை அறிவித்தது. 2024-25க்குள் மேலும் 54,500 பேருக்குச் சிகிச்சை இடம் என்பது இலக்கு. புதிய பணியாளர்கள் வந்தார்கள். எனினும் பணம் ஆண்டுக்காண்டு உறுதிப்படுத்தப்பட்டதால், பலரைக் குறுகியகால ஒப்பந்தத்திலேயே எடுக்க வேண்டியிருந்தது. மார்ச் வந்தாலே அவர்கள் வேறு வேலை தேடத் தொடங்கிவிடுவார்கள்.

கவுன்சில்கள் பெரும்பாலும் இச்சேவையைத் தாமே நடத்துவதில்லை. டேர்னிங் பொயின்ட், சேஞ்ச் குரோ லிவ், வியா போன்ற தொண்டு நிறுவனங்களோ, சில இடங்களில் தேசிய சுகாதார சேவையின் அறக்கட்டளைகளோ சில ஆண்டு ஒப்பந்தத்தில் நடத்துகின்றன. 2024 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள புதிய தெரிவு விதிகளின்படி, தற்போதைய நிறுவனம் திருப்திகரமாக இயங்கினால், கவுன்சில் உரிய காரணங்களைப் பதிவு செய்து, போட்டி இல்லாமலே அதைத் தொடர விடலாம்; அதற்கு முன் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை டெண்டர் என்பதே வழக்கம். டெண்டரை நான் முற்றாக எதிர்ப்பவன் அல்ல. சோம்பிக் கிடந்த சில சேவைகளை அது எழுப்பியிருக்கிறது. ஆனால் கைமாறும் காலம் ஆபத்தானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஹெரோயினுக்கு மாற்றாகக் கொடுக்கப்படும் மெதடோன் என்ற மருந்தை எடுப்பவரை நினைத்துப் பாருங்கள். அவருடைய மருந்துச் சீட்டு, ஒன்றிரண்டு வாரங்களுக்கு மேற்படாத தவணையாக, அவர் தெரிவு செய்த ஒரு மருந்தகத்துக்குப் போகிறது. சிலர் தினமும் மருந்தாளர் முன்னிலையில் குடிக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் தவறினால் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும் என்பதால், மருந்தாளர் வழமையான அளவைக் கொடுக்காமல் நிறுத்திவிட்டுச் சிகிச்சை நிலையத்துடன் பேச வேண்டும். ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஏப்ரல் 1இல் தொடங்குகின்றன, ஈஸ்டர் விடுமுறையும் அதையொட்டியே வருகிறது. புதிய நிறுவனத்தின் வைத்தியருடைய கையொப்பத்துடன் நூற்றுக்கணக்கான சீட்டுகள், பரோவின் எல்லா மருந்தகங்களிலும், அந்த விடுமுறைக்கு முந்தைய வியாழக்கிழமைக்குள் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் செவ்வாய்க்கிழமைக்குள் யாரோ ஒருவர் தெருவில் ஹெரோயின் வாங்கியிருப்பார். நைட்டசீன் என்னும் மிக வீரியமான செயற்கைப் போதைப்பொருள் கலந்த சரக்கு புழங்கும் இக்காலத்தில் அதுவே கடைசி ஊசியாகவும் ஆகலாம். ஆகவே நிறுவனத்தைத் தெரிவு செய்வதற்குச் செலவிடும் அதே கவனத்தைக் கைமாறும் மாதங்களுக்கும் கொடுக்கும் கவுன்சில்தான் தன் பொறுப்பை அறிந்த கவுன்சில் என்பது என் கருத்து.

தமிழர்களைப் பொறுத்தவரை பெரிய பிரச்சினை மெதடோன் அல்ல, குடி. அதிலும் வேலைக்குப் போய், வீட்டுக்கடன் கட்டி, இரவு ஒன்பது மணிக்குப் பிறகு தனியாக இருந்து குடிக்கும் குடி. சிகிச்சை நிலையத்தில் இருந்த காலத்தில், அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன், ஓர் அம்மா தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, அவர் ஒரு நாளும் வேலைக்கு லீவு போட்டதில்லை, அடிதடி எண்டும் ஒண்டும் இல்லை. இரண்டு நாளைக்கு ஒரு போத்தில் முடியுது. இதையும் வருத்தம் எண்டு சொல்லுவினமோ?" நாற்பது வீத விஸ்கி 70 சென்டிலீற்றர் போத்தல் ஒன்றில் 28 யூனிட் (இந்நாட்டில் மதுவை அளக்கும் அலகு) மது இருக்கிறது. அப்படியானால் அவர் நாளொன்றுக்கு 14 யூனிட் குடிக்கிறார். ஒரு வாரத்துக்கு மேற்படக் கூடாது என்று நாட்டின் தலைமை வைத்திய அதிகாரிகள் அறிவுறுத்தும் அளவே 14 யூனிட்தான். சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் தேசிய நிறுவனமான நைஸின் வழிகாட்டலின்படி நாளொன்றுக்கு 15 யூனிட்டுக்கு மேல் குடிப்பவருக்கு, நிறுத்தும்போது மருந்தின் துணையோடு நிறுத்தும் சிகிச்சை தேவைப்படுமா என்று பரிசீலிக்க வேண்டும். இவர் அதன் விளிம்பில் இருந்தார். அதுவும் மனைவியின் கண்ணில் பட்ட போத்தலை மட்டும் கணக்கிட்டபடி.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் குடியை நிறுத்தும் விதம் தனி. கந்தசஷ்டி தொடங்கும் அன்று, ஊர்க்கோவிலின் மாதிரிக்கு இங்கே கட்டிய கோவிலில் கொடியேறும் அன்று, அல்லது ஐயப்பனுக்கு மாலை போடும் அன்று, முதல் நாள் இரவுவரை குடித்தவர் திடீரென்று முற்றாக நிறுத்துகிறார். நீண்டகாலம் நாள்தோறும் அதிகம் குடித்த உடலுக்கு இது ஆபத்து. முதல் நாளே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாள்களில் இடம், காலம் தெரியாத குழப்பமும் இல்லாததைக் காண்பதும் ஏற்படலாம். இவற்றில் வலிப்போ குழப்பமோ வந்தால் 999ஐ அழைக்க வேண்டும். சிகிச்சையின்றி விட்டால் உயிரே போகலாம். விரதமும் சேர்ந்தால் உணவின்றித் தயமின் என்னும் உயிர்ச்சத்து மேலும் குறைந்து, மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படும் சாத்தியமும் கூடுகிறது. பக்தியோடு எடுத்த முடிவைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. சஷ்டிக்கு ஒரு மாதம் முன்னரே சிகிச்சை நிலையத்தை அழைத்து மதிப்பீடு செய்துகொள்ளுங்கள், அதுவரை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பொருத்தமானவர்களுக்கு வீட்டிலிருந்தபடியே, குளோர்டயசெபொக்சைட் போன்ற மருந்தை ஒரு வார அளவில் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்து, தாதி அடிக்கடி பார்த்து, கூட ஒருவர் வீட்டில் இருக்க, குடியைப் பாதுகாப்பாக நிறுத்த முடியும். முன்பு வலிப்பு வந்தவர்களையும், நாளொன்றுக்கு 30 யூனிட்டுக்கு மேல் குடிப்பவர்களையும் பொதுவாக உள்நோயாளராகவே எடுக்க வேண்டும்.

அந்தத் தாதி இருப்பாரா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. வீட்டுக்குச் சென்று பார்க்கும் தாதிக்கு, மாலை ஆறு மணிக்குப் பிந்திய சந்திப்புகளுக்கு, தொலைபேசி மொழிபெயர்ப்புக்கு என்று சேவை விவரணத்தில் (நிறுவனம் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சொல்லும் பகுதியில்) எழுதி விலையில் சேர்த்திருந்தால் அவை நடக்கும். எழுதாவிட்டால், போட்டியில் வெல்லக் குறைந்த விலை காட்டிய நிறுவனத்திடம் பின்னர் கேட்டுப் பெற முடியாது. மொழிபெயர்ப்பாளருக்கு நிதி இல்லாத நிலையத்தில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பதினைந்து வயது மகள் லீவு போட்டுவிட்டு வந்து, அப்பா எவ்வளவு குடிக்கிறார் என்பதை ஆங்கிலத்தில் சொல்கிறாள். அப்பா பாதியைத்தான் சொல்கிறார், மகள் அதிலும் பாதியை.

சேவை விவரணம் எதை வைத்து எழுதப்படுகிறது? தேவை மதிப்பீட்டை வைத்து. அதன் முதுகெலும்பு, ஒவ்வொரு சிகிச்சை நிலையமும் மாதந்தோறும் அனுப்பும் தேசியக் கண்காணிப்புத் தரவு. 2023-24இல் இங்கிலாந்தில் 310,863 வயதுவந்தோர் சிகிச்சையில் இருந்தனர் என்பது அதிலிருந்துதான் தெரியவந்தது. ஆனால் அதில் வருவோர் மட்டுமே இருக்கிறார்கள். மதுவில் தங்கியிருப்போரில் ஏறத்தாழ ஐவரில் நால்வர் சிகிச்சைக்கு வராதவர்கள் என்பதே பொதுவான மதிப்பீடு. அந்த நால்வரும் அட்டவணைக்கு வெளியே நிற்கிறார்கள். வந்த தமிழரும் அதில் தமிழராகத் தெரிவதில்லை. இனப் பிரிவுகளில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர் என்று இருக்கிறது; இலங்கைத் தமிழர் "வேறு ஆசியப் பின்னணி" என்ற கட்டத்துக்குள் நேபாளியருடனும் ஆப்கானியருடனும் கலந்துவிடுகிறார், தமிழ்நாட்டுத் தமிழர் "இந்தியர்" ஆகிவிடுகிறார். பிறகு பஞ்சாபி ஆண்களின் குடியைப் பற்றி நல்ல ஆய்வுகள் இருப்பதால், தெற்காசியர் என்றால் அவர்களை மனத்தில் வைத்தே திட்டம் வரையப்படுகிறது. அதில் தவறில்லை, ஆனால் பஞ்சாபியர் அதிகம் வாழும் ஈலிங்கின் சவுத்ஹோலுக்குப் பொருந்துவது தமிழர் அதிகம் வாழும் ஹாரோவுக்கு அப்படியே பொருந்தாது.

இதற்கு மாற்றுச் சான்று கையிலேயே இருக்கிறது. 2021 குடிசன மதிப்பீட்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 125,000 பேர் தம் முதன்மை மொழி தமிழ் என்று பதிந்தனர். அந்த மொழி அட்டவணையை உள்ளூர்ப் பகுதிவாரியாகவே எடுக்கலாம். நான் அதை எங்கள் மதிப்பீட்டில் சேர்த்தபோது யாரும் எதிர்க்கவில்லை, ஏன் முன்பே சேர்க்கவில்லை என்றுதான் கேட்டார்கள். எனினும் எண்ணிக்கை மட்டும் போதாது. அந்த மக்கள் வராததற்குக் காரணமும் எழுத்தில் வேண்டும். பிள்ளைகளைச் சமூக சேவையினர் எடுத்துவிடுவார்கள் என்ற அச்சம், ஓட்டுநர் உரிமம் போய்விடும் என்ற அச்சம், வரவேற்பறையில் சொந்தக்காரர் யாரும் இருந்துவிடுவாரோ என்ற அச்சம் ஆகிய மூன்றையும்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். இவற்றில் சில முற்றிலும் ஆதாரமற்றவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும்: மதுவில் தங்கியிருப்பவர் ஓட்டுநர் உரிம முகமைக்கு அறிவிப்பது சட்டப்படி கடமை, பிள்ளைக்குத் தீங்கு நேரும் சூழல் இருந்தால் பணியாளர் பேசாமல் இருக்க முடியாது. இவற்றை முதல் சந்திப்பிலேயே தமிழில் தெளிவாக விளக்கக்கூடிய ஒருவர் இருந்தால் பாதிப் பயம் குறையும்.

உங்கள் பரோவில் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பது கவுன்சிலின் இணையத்தளத்திலுள்ள ஒப்பந்தப் பதிவேட்டில் இருக்கும். இல்லையென்றால் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் ஒரு மின்னஞ்சலில் கேட்கலாம், வழக்கமாக இருபது வேலை நாள்களுக்குள் பதில் தர வேண்டும். முடிவதற்கு ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே தேவை மதிப்பீடும் பொதுமக்கள் கருத்துக்கேட்பும் நடக்கும். அப்போது கோவில் நிர்வாக சபைகளும் தமிழ்ப் பள்ளிகளும் பழைய மாணவர் சங்கங்களும் "எமது சமூகத்தில் குடி ஒரு பிரச்சினை" என்று ஒரு பொதுக் கடிதம் அனுப்பினால், அது கோப்பில் சேரும், அதற்கு மேல் பயனில்லை. மாலைநேரச் சந்திப்பு வேண்டும், குடும்பத்தினர் அல்லாத மொழிபெயர்ப்பாளர் வேண்டும், பின்வாசல் வழியாகவோ வேறு பொதுக் கட்டடத்திலோ சந்திக்க வசதி வேண்டும், பதிவில் பேசும் மொழியையும் குறிக்க வேண்டும், சஷ்டிக்கும் திருவிழாவுக்கும் முந்தைய வாரங்களில் கோவிலுக்கு வந்து பேச ஆள் வேண்டும் என்று தனித்தனியாக எழுதுங்கள். இவற்றில் ஒன்று சேவை விவரணத்தில் ஏறிவிட்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் மீளாய்வுக் கூட்டத்தில் அதைச் செய்தீர்களா என்று நிறுவனத்திடம் நான் கணக்குக் கேட்கலாம். ஏறாவிட்டால் வேண்டுகோளாக மட்டுமே சொல்லலாம். நிதி இல்லை என்று அவர்கள் சொன்னால் அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.